இன்று சார் கேட்ட தேதி

பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் மகள் வைத்தபோது, அடுத்த அறையில் அப்பா வானிலையை முடித்துவிட்டு அரசியலுக்கு வந்திருந்தார்.

"'இன்றும் மழைக்கு வாய்ப்பில்லை.' அதோட அந்தப் பத்தி முடிஞ்சுது. அடுத்தது போட்டுக்கங்கம்மா. 'கூட்டணி என்பது திருமணம் அல்ல. இங்கே இரு தரப்பும் முதல் நாளே மணமுறிவுக்குத் தயாராக இருக்கின்றன.' மணமுறிவுக்கு வல்லின ற, பார்த்து."

பார்வை மங்கிய பிறகு அவர் கையால் எழுதுவதில்லை. போனில் சொல்வார், பத்திரிகை அலுவலகத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொள்வாள். மூன்றாம் பக்கத்து மூலையில் 'இன்று' என்ற தலைப்பில் அது தினமும் வரும். முதலில் வானிலை, அப்புறம் அரசியல், கடைசியில் அந்தத் தேதியில் பிறந்தவர், இறந்தவர், திறந்த பள்ளிக்கூடம், மூடிய ஆலை. அதைப் படிக்காமல் ஊரில் பலருக்குக் காபி இறங்காது. அப்பாவுக்கு 'இன்று சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று மருத்துவமனையில் சொன்னதிலிருந்து அம்மாவின் தங்கையான சித்திதான் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், விடுப்புச் சொல்லிவிட்டு முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

"அப்பா எங்க?" என்றாள் அம்மா. குரல் என்று சொல்ல முடியாது, மூச்சோடு வந்தது.

"பக்கத்து ரூம்லதான். கூப்பிடவா?"

அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

அவள் போய் நிலைப்படியில் நின்றாள். "அப்பா, அம்மா கூப்பிடறாங்க."

அவர் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். "ரெண்டு நிமிஷம். நினைவு நாள் மட்டுந்தான் பாக்கி." பிறகு போனில், "உங்ககிட்ட இல்லம்மா, நீங்க அடிங்க" என்றார்.

திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்தே அம்மா புரிந்துகொண்டாள். "சொல்லிட்டு இருக்காரா? விடு. நடுவுல போனா கோர்வை விட்டுப்போயிடும்."

அந்த வீடு இப்படித்தான் நடந்தது. அவர் எழுதும் நேரத்தில் குக்கர் விசில் அடிக்கும் முன்பே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். வாசலில் மணி அடித்தால் ஓடிப்போய், வந்தவரைச் சாடையிலேயே திருப்பி அனுப்புவாள். மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் முனகலைக்கூட முந்தானையில் அமுக்கியிருக்கிறாள்.

"மாடியில அப்பா சட்டையெல்லாம் காயுது. மழை வரும்போல இருக்கு" என்றாள் அம்மா.

"மழை இல்லன்னு இப்பதானேம்மா சொன்னாரு?"

அம்மாவின் உதட்டோரம் லேசாக ஏறியது. "நீ போய் எடு."

அவள் மாடிக்குப் போனாள். கடைசிச் சட்டையை உருவும்போது முதல் துளி கழுத்தில் விழுந்தது. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது சித்தி கட்டிலருகே நின்றிருந்தாள். அம்மாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

"போயிட்டாடி" என்றாள் சித்தி.

அடுத்த அறையிலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது. "'அவர் மறைந்து இன்றோடு நாற்பது ஆண்டுகள் நிறைகின்றன.' முற்றுப்புள்ளி. அவ்வளவுதாம்மா, வச்சிடறேன்." நாற்காலி நகர்ந்தது. கண்ணாடியைத் துடைத்தபடி அப்பா வெளியே வந்தார்.

"என்ன, கூப்பிட்டியா?"

துணிகளைக் கீழே போடத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அம்மாவை முன்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் போய் நின்றார்கள்.

"சார், எங்க கல்யாண நாளுக்கு நீங்க போட்ட வரியை இன்னும் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன்" என்றார் தெருமுனைத் தையல்காரர்.

பக்கத்துத் தெரு வங்கிக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டபோது அப்பாவே முந்திக்கொண்டார். "உங்கப்பா தவறினதும் இதே மாசந்தானே? மூணாவது வாரம்."

வங்கிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, இந்த நேரத்துலயும் ஞாபகம் வச்சிருக்காரு."

சித்தி மகளின் காதோரம் குனிந்தாள். "செத்தவங்க அத்தனை பேரும் உங்கப்பாவுக்கு அத்துப்படி. உயிரோட இருக்கறவங்கதான் ஞாபகத்துல நிக்க மாட்டாங்க."

இருட்டும் முன் பத்திரிகை ஆசிரியர் வந்தார். நாளைக்கு மட்டும் அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை இருந்தால் நன்றாக இருக்கும், முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலியா எதுக்கு விடணும்? ஒருநாள்கூட விட்டதில்ல. சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்கம்மா பொறந்தது எந்தத் தேதிம்மா? வருஷம் தெரியுது. தேதி நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது."

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் காலையில் கூப்பிடுவாள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குடி?" என்பாள் அம்மா. என்றாலும் போனை வைக்க மாட்டாள். மகளையும் சித்தியையும் தவிர அந்தத் தேதியைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதைக் கொடுத்தால், நாளைக்கு மழை வாய்ப்புக்கும் கூட்டணிக்கும் கீழே மூலையில் கிடக்கும். கொடுக்க மனம் வரவில்லை.

"ஆகஸ்ட் பத்தொம்பது" என்றாள்.

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"பத்தொம்பதா? அட! அன்னிக்குத்தானே பெரிய பாலம் திறந்தாங்க. நான் போயிருந்தேன். அமைச்சர் நாடாவை வெட்டறதுக்குள்ள கொட்டித் தீர்த்துடுச்சு. ஒரு குடைக்குள்ள எட்டுப் பேர்!"

"வேற?"

"வேற என்ன?" நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "வேற ஒண்ணும் இல்லையே."

"சரிப்பா" என்று கதவைத் திறந்தாள். அவர் போனை எடுத்து எண்ணை அழுத்துவது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

காலையில் பத்திரிகை வந்தது. வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் படிக்கச் சொல்ல, தையல்காரர் உரக்கப் படித்தார். "'ஆகஸ்ட் பத்தொன்பது. பெரிய பாலம் திறந்த தேதி. என்னைக் கரை சேர்த்த பாலம் பிறந்ததும் அதே தேதியில்தான்.'" வங்கிக்காரர் உச்சுக் கொட்டினார். "வீட்டுல இவ்வளவு பெரிய இடி விழுந்திருக்கு. ஆனா தேதி ஒண்ணு தப்பல பாருங்க." அப்பா தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

முன்கூடத்தில் அம்மாவின் அருகே உட்கார்ந்திருந்த சித்தி விருட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

"என்னடி இது? இது உன் பொறந்த நாளாச்சே! ஆஸ்பத்திரியில உன்னை முதல்ல கையில வாங்கினவ நான். உங்கப்பா பாலம் திறக்கறதைப் பார்க்கப் போயிட்டாரு."

"ஆமா சித்தி."

"நீயா சொன்ன?"

"ஆமா."

"அவரு ஒண்ணும் கேக்கலையா?"

சித்தி வாசல் பக்கம் பார்த்தாள். எழுந்து போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள் போலிருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே வருஷா வருஷம் அன்னிக்கு எழுதுவாரேடி."

"எழுதட்டும்."

வெளியே வண்டி வந்து நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகளை ஓரமாக இழுக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவள் கவனித்தாள். குளிப்பாட்டிய பெண்களில் யாரோ அம்மாவுக்கு நடுவகிடு எடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். அம்மா எப்போதும் இடப்பக்கம்தான் எடுப்பாள்.

"சீப்பு எங்க சித்தி?"

"நேரமாச்சு, தூக்கப் போறாங்க" என்றது ஒரு குரல்.

"நிக்கச் சொல்லுங்க" என்றாள். சீப்பை வாங்கிக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். விரல்களைத் தண்ணீரில் நனைத்து அந்த வகிட்டைக் கலைத்தாள். நெற்றியின் இடப்பக்கத்திலிருந்து, அவசரப்படாமல், நேராக ஒரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.