பதினாலாம் நம்பர்க் குழி

என் தாரில் குறை சொல்ல டென்மார்க்கில், இந்த யூட்லாந்துப் பக்கம், இனித்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். இருபத்தாறு வருஷமாகத் தெருவுக்கும் கடை வாசலுக்கும் தார் போடுகிறேன். அதில் ஒன்பது வருஷம் போர்மன். நான் அடைத்த குழி திரும்பத் திறந்தது கிடையாது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மூன்று முறை திறந்து என் மானத்தை வாங்கியது.

கிரின்ஸ்டெட்டில் ஒரு தளபாடக் கடைக்கும் ஒரு டயர்க் கடைக்கும் பொதுவான வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. அங்கே பதினாலாம் நம்பர் கோட்டுக்கு முன்னால்தான் அந்தக் குழி. பக்கத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எங்கள் சைவ ஆட்கள் பிள்ளையாரை வைத்திருக்கிறார்கள். நான் வேதக்காரன். பெயர் மரியதாசன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன். ஆனாலும் அந்தக் குழி எப்படி வந்ததென்று எனக்கு நன்றாகத் தெரியும். தேங்காயால் வந்தது.

சரோஜினிதேவி அக்கா கோயில் சபையின் தலைவி, முதியோர் இல்லத்தில் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய ரொயோட்டாவை வாங்கி, பதினாலில் நிறுத்தி, சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து, முன்னால் ஒரு தேங்காய் அடித்தார். அடுத்த கிழமை கார் அரசாங்கப் பரிசோதனைக்குப் போனது. புகைக்குழாய் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கார் ஒரு குறையும் இல்லாமல் பாஸாகி வந்தது. பிறகு விடுவார்களா? விபோர்க்கிலிருந்தும் ஸ்கீவவிலிருந்தும் கார் வாங்கினவர்களெல்லாம் வரத் தொடங்கினார்கள். இரண்டடி தள்ளி அடித்தால் பலிக்காது என்று யாரோ கிளப்பிவிட்டதால் எல்லாத் தேங்காயும் ஒரே இடத்தில்தான் விழும். அடி ஒரு பக்கம், தேங்காய்த் தண்ணீர் மறுபக்கம். வெடிப்புக்குள் இறங்கிய நீர் குளிருக்கு உறைந்து, பருத்து, தாரைப் பிளந்துவிடும். மாசி மாதம் போய்ப் பார்த்தால் குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

எங்கள் வேதக்காரரும் சளைத்தவர்களில்லை. பாதரைக் கொண்டு தீர்த்தம் தெளித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் சத்தமில்லாமல் இங்கே ஒன்றை அடித்துவிட்டுப் போவார்கள். மறைப்பானேன், என் வான் வண்டிக்கும் நான் அடித்தேன். வான் பாஸ்.

குழியை அடைத்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘சேதத்துக்குக் காரணம்’ என்று ஒரு பெட்டி. முதல் முறை ‘உறைபனி’ என்று எழுதினேன். இரண்டாம் முறை ‘பார வாகனம்’. மூன்றாம் முறை ‘நிலத்தடி நீர்’. உண்மையை எழுதினால் இடத்துக்காரன் கோயிலைக் கிளப்பிவிடுவான் என்று பயம். வேதக்காரன் ஒருவன் பிள்ளையாரைத் தெருவில் விட்டான் என்று நாடு முழுக்கக் கதை போகும். எனக்கு ஏன் இந்த வேலை?

போன ஐப்பசியில் எங்கள் கம்பனி எஞ்சினியர் ஹென்றிக் என்னைக் கூப்பிட்டான். என் முழுப் பெயர் அவன் வாயில் நுழையாது, ‘மரியா’ என்பான். இங்கே அது பெண்களுடைய பெயர். நானும் விட்டுவிட்டேன்.

“மரியா, ஒரே குழி நாலாம் முறை” என்றான் டேனிஷில். “உன் வேலையில் பிழை என்று மேலே கதைக்கிறார்கள். இந்தக் குளிர்காலமும் திறந்தால் நீ போர்மன் இல்லை.”

போர்மன் பதவி போனால் போகட்டும். ஆனால் மரியதாசனின் தார் சரியில்லை என்று நாலுபேர் சொல்வதை என்னால் தாங்க முடியாது. தார் காய்ச்சும் ஆலை அந்த வெள்ளிக்கிழமையோடு குளிர்காலத்துக்கு மூடுகிறது. கடைசி லொறியில் கொஞ்சம் எனக்கென்று சொல்லிவைத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். அக்கா பிள்ளையாரின் வெள்ளிக் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, வெள்ளிக்கிழமை பதினாலிலை தார் போடுறன். இனி அந்த இடத்திலை தேங்காய் வேண்டாம்.”

“ஏன் தம்பி, உங்கட பாதர் சொல்லிவிட்டவரோ?”

“பாதருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தார் இறுக வேணும்.”

“இறுகட்டும். தேங்காயை மெல்லமா அடிக்கச் சொல்லுறன்.”

“மெல்லமா அடிச்சால் உடையாதே, அக்கா.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். மெல்லமா அடிக்க ஏலாது.”

தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. “டயர்க் கடைப் பக்கம் கருங்கல் விளிம்பு கிடக்குது. அதிலை அடிக்கலாமே?”

“அங்கை அடிச்சவன் குணசேகரம். அவனுக்கு என்ன நடந்தது தெரியுமோ?”

“என்ன நடந்தது?”

“இன்னும் பஸ்ஸிலை திரியிறான்.”

கிரின்ஸ்டெட்டில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கடைசியில் என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது. “சரி, வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஒருத்தரையும் கிட்ட விடாமல் நான் பாத்துக்கொள்ளுறன். பிறகு ஆண்டவன் விட்ட வழி” என்றார்.

வெள்ளிக்கிழமை நாலு பாகை குளிர். குழியைச் சதுரமாக வெட்டி, நெருப்பால் ஈரம் காயவைத்து, ஓரங்களுக்குப் பசைத்தார் பூசி வைத்திருந்தேன். எட்டு மணிக்கு வரவேண்டிய லொறி பதினொன்றரைக்கு வந்தது. கடைசி நாளென்றால் எல்லோருக்கும் குழி ஞாபகம் வந்துவிடும். அந்தக் குளிரில் தார் இருபது நிமிஷத்துக்கு மேல் இளகி நிற்காது. கொட்டி, பரப்பி, சின்ன ரோலரை ஒருமுறை ஓட்டினேன். கண்ணாடிபோல் வந்தது. வாழ்நாளில் இவ்வளவு அழகாக ஒரு சதுரம் போட்டதில்லை.

அப்போது வெள்ளை மின்சாரக் கார் ஒன்று பாய்ந்து வந்து நின்றது. ஸ்கீவவில் இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற சண்முகலிங்கம் அண்ணை தேங்காயோடு இறங்கினார். பின்னால் மனைவி அருள்நாயகி தேசிக்காயோடு.

“அண்ணை, இண்டைக்கு இஞ்சை ஏலாது!” அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

“சுபநேரம் முடிய நாலு நிமிஷம்தான் கிடக்குது!” என்று கத்தினார் அவர். நான் வைத்த செம்மஞ்சள் கூம்புகளைத் தாண்டவில்லை, அவ்வளவு மரியாதை இருந்தது. நின்ற இடத்திலிருந்தே அக்காவின் தலைக்கு மேலால் எறிந்தார்.

தேங்காய் சரியாக நடுவில் விழுந்தது. உடையவில்லை. ‘பொத்’தென்று சூடான தாருக்குள் பாதிவரை இறங்கி, புகைந்துகொண்டு குந்தியிருந்தது.

புதுக் காருக்கு அடித்த தேங்காய் உடையாமல் நிற்பதை எங்களில் ஒருவரும் அதுவரை கண்டதில்லை. பிறகு அருள்நாயகி தலையில் கையை வைத்தார். “உடையேல்லை! ஐயோ, காரைத் திருப்பிக் குடுங்கோ!”

“தம்பி, ஏதாவது செய்யும்” என்றார் அக்கா. “ரெண்டு நிமிஷம் கிடக்குது.”

“வெளியிலை எடுத்தால் தார் கிழிஞ்சு போகும், அக்கா. லொறியிலை வேறை தாரும் இல்லை.”

“ஆர் எடுக்கச் சொன்னது? ரோலரை ஏத்தும்!”

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு வேலை யாரும் சொன்னதில்லை. பாதர் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு ஏறி, ரோலரை மெல்ல விட்டேன். ‘டக்’கென்று ஒரு சத்தம். அண்ணை கைதட்டினார். அருள்நாயகி என்னையும் ரோலரையும் சேர்த்துக் கும்பிட்டார். காரைத் தேசிக்காய்க்கு மேலால் ஏற்றிக்கொண்டு இருவரும் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

நான் சிரட்டைத் துண்டுகளைக் குறட்டால் பொறுக்கினேன். உள்ளிருந்த வெள்ளைச் சொட்டு முழுக்கத் தாரோடு ஒட்டிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் ஓரத்துத் தாரை இழுத்து மூடி மேலால் இரண்டு முறை உருட்டிவிட்டு, படிவத்தில் ‘பழைய வெடிப்பு’ என்று எழுதினேன். அழுகை வந்தது.

ஆனால் ஒரு நன்மை நடந்தது. கையால் அடித்த தேங்காயை அந்த இடம் ஏற்கவில்லை, பதினாலின் சக்தி போய்விட்டது என்று அக்கா சபையில் அறிவித்துவிட்டார். அதன்பிறகு எல்லோரும் கருங்கல் விளிம்புக்கு மாறிவிட்டார்கள். குணசேகரத்தின் கதையை ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை வரை போனது. சித்திரையில் ஹென்றிக் துளைபோடும் இயந்திரத்தோடு வந்தான். பதினாலில் மயிரளவு வெடிப்பும் இல்லை. இந்த முறை மட்டும் ஏன் தாங்கியது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். நடுவில் துளைத்து, போத்தல் அளவில் ஒரு தார்த் துண்டை வெளியே எடுத்தான். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு பட்டை.

மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். “தேங்காய்?”

நான் குனிந்து துளைக்குள் பார்த்தேன்.

“இதுதான் உன் ரகசியமா?” அவன் குரலில் பக்தியே வந்துவிட்டது. “எண்ணெய், நார்… குளிருக்கு வளைந்து கொடுக்கும்! மரியா, இதை மேலே சொல்லப்போகிறேன். எல்லாத் தரிப்பிடத்திலும் கலந்து பார்ப்போம்.”

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஓய்வுபெறும்வரை போர்மனாக இருந்திருப்பேன், படமும் பத்திரிகையில் வந்திருக்கும்.

“அப்போ என் தார் தாங்கினது தேங்காயாலா?” என்று கேட்டேன்.

“வேறென்ன? முந்தின மூன்று முறையும் தேங்காய் இல்லை. திறந்துவிட்டதே.”

அதுதான் என்னைக் குத்தியது. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரொயோட்டா, தேங்காய்த் தண்ணீர், சண்முகலிங்கம் அண்ணை, என் வான். ஒன்றையும் விடவில்லை. “மேலே விழுந்த தேங்காயால் உடைந்தது. விழாததால் தாங்கியது. என் தாரில் ஒரு குறையும் இல்லை, எழுது!” என்று கத்தினேன்.

ஹென்றிக் தார்த் துண்டைக் கீழே வைத்தான். “ஏன் அப்போதே சொல்லவில்லை? இடத்துக்காரரிடம் சொல்லித் தேங்காய் அடிக்க ஒரு கல் வைத்துக் கொடுத்திருப்போமே.”

இவ்வளவு வருஷம் நான் பயந்து செத்தது ஒரு கல்லுக்கு.

“தேங்காய் பரவாயில்லை, மரியா” என்றான். “ஆனால் நாலு படிவத்தில் பொய்.”

“ஓம்” என்றேன், தமிழிலேயே.

அடுத்த மாதமே கல் வந்தது. பிள்ளையாரின் செயல் என்று அக்கா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இப்போது போர்மன் இல்லை. வேறொருவன் சொல்லச் சொல்ல, தொடங்கிய காலத்தைப்போல் தாரை இழுத்துப் பரப்புகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் அவன் எனக்குப் பசைத்தார் பூசக் காட்டிக்கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வரும்போது வானை அங்கே திருப்புவேன். என் மனைவி கத்தரீனா இறங்கமாட்டாள், “கெதியா வாங்கோ, சனம் பாக்குது” என்பாள். நான் பதினாலில் போய் நின்று, குதிக்காலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பேன். அசையாது. இன்னொன்று மிதித்துவிட்டு வந்து வானில் ஏறுவேன்.