ஆஸ்பத்திரிக்கென்று வைத்த நரம்பு

பதினாறு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். இந்த மணிமொழியின் கைக்குத் தப்பிய நரம்பு கிடையாது; பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் பீமாராவ் சட்டைக் கையை மடித்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போதை ஊசி போட்டுப் போட்டு இரண்டு கை நரம்புகளும் கயிறாக இறுகிக் கிடந்தன.

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் மையம். போதை ஊசி போடுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுப்போம், நோய் இருக்கிறதா என்று சோதிப்போம். பீமாராவ் மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவன், வாரா வாரம் வருவான். எச்.ஐ.வி. சோதனை என்றால் உடனே விரலை நீட்டுவான். சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கு ஒரு குழாய் ரத்தம் வேண்டும் என்றால் மட்டும், லோடு வந்துவிட்டது என்று நழுவிவிடுவான். முன்பு வேறெங்கோ ஒரு ஆள் ரத்தம் எடுக்க ஏழு இடத்தில் குத்திவிட்டு, "உனக்கெல்லாம் எதுக்குடா டெஸ்ட்டு?" என்று கேட்டாராம். அந்த ஆள் மட்டும் என் கண்ணில் பட்டால் தெரியும் சேதி.

இந்த முறை நான் விடுவதாக இல்லை. அவன் மனைவி வெண்மதிக்கு இது மூன்றாம் மாதம்.

"நான் ஊசிய யாருக்கும் குடுக்கறதில்ல மேடம். எனக்கு இன்னாத்துக்கு வரப்போவுது?"

"ஊசியில மட்டுமா வருது? இது படுக்கையில வர்ற நோய்ப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி நீ ஒண்ணும் சாமியாரு இல்லன்னு நீயேதான் சொன்ன. உன்கிட்டருந்து வெண்மதிக்கு, அவகிட்டருந்து வயித்துப் புள்ளைக்கு. இப்பவே தெரிஞ்சா சரி பண்ணிடலாம்."

அவன் சட்டைக் கையை மடித்தான். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவித் தேடினேன். இடது புறங்கையில் ஒன்று, பச்சையாக, ஒரு தழும்புகூட இல்லாமல் இருந்தது. பஞ்சை வைத்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"அது வேணாம் மேடம். அத நான் தொடறதே இல்ல. ஆஸ்பத்திரிக்குன்னு வெச்சிருக்கேன்."

"இன்னா ஆஸ்பத்திரி?"

"வெண்மதி பிரசவத்துக்கு ரத்தம் கேப்பாங்கல்ல? புருஷன்தான குடுக்கணும்."

போதை கேட்டுக் கை நடுங்கிய எத்தனை நாள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருப்பான்! ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது.

"ஊசி போடறவங்ககிட்ட ரத்தம் வாங்க மாட்டாங்க, பீமாராவ்."

அவன் முகம் செத்துவிட்டது.

"அவளுக்காகத்தான வெச்சிருந்த? அவளுக்காகத்தான் கேக்கறேன். ஒரு குழாய் குடு."

அந்த நரம்பை ஒருமுறை விரலால் தடவினான். பிறகு நீட்டினான். ஒரே குத்தில் எடுத்துவிட்டேன்.

சிபிலிஸ் இருந்தது. வீட்டில் அவனே சொல்லி, மறுநாள் வெண்மதியை அழைத்துவந்தான். அவளுக்கும் இருந்தது. கோபத்தில் அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டாள். அது போதும் எனக்கு. "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. கொழந்தையக் காப்பாத்திடலாம்" என்று டாக்டர் இருவருக்கும் பென்சிலின் ஊசி எழுதினார். பீமாராவ் இடது கையை நீட்டினான்.

"கையில இல்லப்பா, இடுப்புல" என்றார் டாக்டர். வெண்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போகும்போது என்னிடம் வந்தான். "அப்போ இந்த நரம்ப இன்னா பண்றது மேடம்?"

"பத்திரமா வெச்சிரு. நோய் எறங்குதான்னு பாக்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ எனக்கு வேணும்."