வாய்க்குப் போட்ட பூட்டு

முத்துவடிவு தான் பெற்ற மகளின் வாய்க்கே பூட்டுப் போட்டுவிட்டாள் என்ற சேதி, குற்றாலத்தில் ஒரே நாளில் கடைக்குக் கடை தாவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அவளுடைய மைனி முப்பிடாதியம்மாள்தான். புருஷனுக்கு மூத்த அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் உலை வைப்பதென்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

பூட்டு என்றால் நிஜப் பூட்டில்லை. மகள் பிரியாவுக்கு எட்டு வயது. மேல்வாய் குறுகிப்போய், மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே இறங்கிக் கடிக்கும். ஒரு பக்கமாகத்தான் மெல்லுவாள். தென்காசியில் பல்லுக்குக் கம்பி போடும் டாக்டர் ஜெபசிங், அவள் அண்ணத்தில் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டிவிட்டார். அதன் நடுவில் ஒரு குட்டித் திருகு. தினமும் காலையில் ஒரு திருகு திருகுவதற்கு, ஊக்கு கனத்தில் ஒரு சாவி.

"அண்ணத்து எலும்பு நடுவுல இன்னும் ஒட்டல. இப்பன்னா திருகியே விரிச்சிரலாம். பெரியவளாயி ஒட்டிப்போச்சுன்னா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். "ஏழு வயசுலயே ஒரு தடவ கொண்டாந்து காட்டணும்மா. எல்லாரும் பால்பல்லு விழட்டும்னு உக்காந்துருதாங்க."

முத்துவடிவுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அவளுக்கும் அதே வாய்தான். முப்பத்து மூன்று வயதில், கொட்டாவி விட்டால் தாடை கடக்கென்று பிடித்துக்கொள்கிறது. சிப்ஸ் கடைக்காரன் பெண்டாட்டி, ஒரு நேந்திரம் சிப்ஸை எச்சிலில் ஊறவைத்துத் தின்கிறாள். இந்த வாய் பிரியாவுக்கு வரக் கூடாது. அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்க அவள் தயார்.

நிற்கத்தான் வேண்டியிருந்தது. பிரியா ஊரறிந்த வாயாடி. மெயினருவிக்குப் போகிற வழியில் அவள் அப்பா சந்தோஷ்குமாரின் கடை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அதன் முன்னால் நின்று, "சூடான சிப்ஸ் சார், கடிச்சுப் பாருங்க" என்று கூவினால் போகிற கூட்டம் திரும்பிப் பார்க்கும். சட்டம் மாட்டிய வாரத்தில் நாக்கு புரளவில்லை. எச்சில் வழிந்தது. சூடான சிப்ஸ் ‘தூடான திப்ஸ்’ ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, கடிச்சுப் பாருங்க என்று ஊரைக் கூப்பிட்டவள் தானே சிப்ஸும் முறுக்கும் கடிக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு.

"பிள்ள வாயாடுதான்னு தாயே சாவி போட்டுப் பூட்டுதா. இந்த அநியாயம் எங்கயாவது உண்டா?" என்று முப்பிடாதியம்மாள் கடைகடையாகச் சொன்னாள். "எந்த மாப்பிள்ள வந்து பல்ல எண்ணிப் பாக்கான்?" என்றாள். அதே மூச்சில், "பொண்ணு பாக்க வாரதுக்கு முன்னால போட்டுக்கிட்டாப் போதாதா?" என்றும் கேட்டாள்.

"மாப்பிள்ளைக்காகப் போடல மைனி. அவ திங்குததுக்குப் போட்டிருக்கேன்" என்றாள் முத்துவடிவு. அந்த வீட்டில் மைனிக்கு எதிர்ப்பேச்சு விழுந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷ்குமார் வாழைக்காயைச் சீவுவதில் ரொம்ப மும்முரமாகிவிட்டான்.

ஒன்பதாம் நாள் பிரியாவின் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. சந்து விழும், விழுந்தால் எலும்பு விரிகிறதென்று அர்த்தம், பிறகு தானாகவே சேர்ந்துவிடும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். முத்துவடிவுக்கு அந்தச் சந்தைப் பார்த்ததும் வயிறு குளிர்ந்தது. முப்பிடாதியம்மாளுக்கோ வயிறு எரிந்தது. "வரிசையா இருந்த பல்லப் பொளந்துட்டாளே பாவி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த சாவியைக் காணோம்.

"தேடாத. முப்பிடாதி அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்" என்றாள் மைனி நிதானமாக. "இனி அவ பாத்துக்கிடுவா."

உண்டியலில் விழுந்தது அம்மனுக்குச் சொந்தம். திருப்பிக் கேட்க எவருக்கும் வாய் வராது. மைனி அதைத் தெரிந்துதான் செய்திருந்தாள்.

"அக்கா நல்லதுக்குத்தான செஞ்சிருக்காவ. கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்" என்றான் சந்தோஷ்குமார்.

"விட்டுப் பிடிக்க இது என்ன பட்டமா?" என்றாள் முத்துவடிவு. "விட்டா விரிஞ்சது திரும்பச் சுருங்கிரும். எனக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆகணுமா?" அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு நின்ற மகளை இழுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினாள். போகிற வழியெல்லாம் புதுச் சாவி கிடைக்குமோ, கிடைக்காதோ என்றே யோசனை.

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே டப்பா நிறையச் சாவி. "சாவி தொலையாத வீடே கிடையாதும்மா" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். முத்துவடிவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மூணாக் குடுங்க சார்" என்றாள்.

மதியம் கடை முன்னால் அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலைக் கூட்டம். முப்பிடாதியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். முத்துவடிவு கையைக் கழுவினாள். பிரியாவை எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார வைத்தாள். ஒரு சாவியை எடுத்து மைனியின் மடியில் வைத்தாள்.

"இது உங்களுக்கு மைனி. மறுபடி உண்டியல்ல போடணும்னு தோணுச்சுன்னா இதப் போடுங்க. எங்கிட்ட இன்னும் ரெண்டு கெடக்கு."

மகளை அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி, அத்தனை பேர் பார்க்க, முன்னாலிருந்து பின்னோக்கி ஒரு திருகு திருகினாள். சந்தோஷ்குமாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சட்டியில் சிப்ஸ் கருகியது.

"நாலு பேரு முன்னால பிள்ள வாயப் பூட்டுதியே, ஏட்டி, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றாள் முப்பிடாதியம்மாள். குரல் உடைந்திருந்தது.

பிரியா புறங்கையால் எச்சிலைத் துடைத்தாள். "பூட்டல அத்த. எங்கம்மா தொறக்கா" என்றாள்.

பிறகு தகரத்திலிருந்து குதித்து, கடை முன்னால் போய் நின்று, பல்சந்து தெரிய, "தூடான திப்ஸ் தார், கடித்துப் பாருங்க" என்று முன்னைவிட உரக்கக் கூவினாள்.