நீலத் தேவாங்கு வந்த வீடு

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கும் உயிர்களும் வீட்டுக்குள் இருக்கும் உயிர்களும் ஒரே கணக்குதான். ஒரு வீட்டுக்கு இத்தனை உயிர் என்று அளவு உண்டு. அளவு நிறைந்துவிட்டால் கேமில் ஒரு கோழிக்குஞ்சுகூடப் புதிதாக முளைக்காது. கேமில் கோழியைக் கொன்றால் அது விட்ட இடத்துக்கு இன்னொரு கோழிதான் வரும். அபூர்வமான விலங்கு வரவேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு மனிதர் வெளியே போய் நிற்க வேண்டும்; மனிதர் விட்ட இடத்தில் எது வேண்டுமானாலும் முளைக்கும்.

கேம் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மண்ணைக் கட்டம் கட்டமாக அடுக்கி, மரம் நட்டு, குளம் வெட்டி, அந்த நிலத்தில் என்ன வந்து சேருகிறதென்று காத்திருக்க வேண்டியதுதான். தூத்துக்குடியில் மற்ற தெருக்களில் அதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். எங்கள் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "உங்க நெலத்துல என்ன வந்திருக்கு?" என்றுதான். கோழியும் பன்றியும் என்று சொன்னால் வாசலிலேயே காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். என் நாத்தனார் ஜெசிந்தாவுக்கு அப்படி எத்தனையோ காபி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வெளியே நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வாசலோடு நின்றுவிட்டால் அவருடைய இடம் காலியாகாது. பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டால் கேம் உறைந்துவிடும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிதான் சரியான தூரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொட்டியடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமில் பெயர் வைக்காத விலங்கு, யாரும் பார்க்காத நேரத்தில் இல்லாமல் போய்விடும். வெளியே நிற்பவருக்குப் பெயர் இருந்தாலும் அதே விதிதான்.

எதிர்வீட்டு ரொசாரி மாமா அப்படித்தான் போனார். மாதா சப்பரம் வந்தபோது அவர் வீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்து சப்பரத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்குப் பூ அலங்காரம் அவ்வளவு நன்றாக இருந்தது. நாற்காலி மட்டும் மிச்சம். அதைக் கழுவி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

இதனால்தான் என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் தொட்டியடிக்குப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றேன். அவர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதற்கும் பதறமாட்டார்.

"பயப்படாத. கோழி இருக்குல்லா?" என்றார்.

அபூர்வ விலங்குக்கு ஆசைப்படுகிற வீடுகளில், கேமில் ஒரு கோழியைத் தனியாக வேலி கட்டி அடைத்து வைத்திருப்பார்கள். வெளியே போனவரின் இடத்தில் விலங்கு வந்ததும் அந்தக் கோழியை ஒரே வெட்டாக வெட்டுவார்கள். இன்னொரு கோழி முளைப்பதற்குள் வெளியே நிற்பவர் ஓடிவந்து உள்ளே நுழைந்துவிட வேண்டும். எங்கள் கோழியை ஜெசிந்தாதான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மணப்பாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜெசிந்தா திரை முன்னால் உட்கார்ந்தாள். நான் ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தேன். அவர் ஒருமுறை கையை ஆட்டினார். நான் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. ஆட்டினால் பார்வை நகர்ந்துவிடுமோ என்று பயம்.

முதலில் பன்றி வந்தது. வெட்டினாள். இரண்டு ஆடு வந்து போயின. கண்ணில் நீர் வழிய வழிய நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மைனி! வந்துட்டு! நீலத் தேவாங்கு மைனி!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

நானும் கத்தினேன். அவர் ஓடிவந்தார். நாற்காலியை விட்டுவிட்டு வந்திருக்கலாம், அதையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே ஜெசிந்தா கோழியை வெட்டுகிற சத்தம் கேட்டது. அவர் வாசல்படியில் காலை வைத்தார். கால் உள்ளே வரவில்லை. மறுபடி வைத்தார். நிரம்பிய பஸ்ஸில் ஏறப் பார்க்கிறவர் மாதிரி படியிலேயே நின்றார்.

"ஏட்டி, கோழிய வெட்டுனியா இல்லியா?" என்று கேட்டேன். அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டிட்டேன் மைனி. ஆனா அதுக்கு பேரு வச்சிருந்தேன்," என்றாள்.

பெயர் வைத்த விலங்கு கணக்கில் சேராது. ஊருக்கே தெரிந்த விதி. கேமில் பெயர்ப்பலகையும் வீட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அந்த ஒரு பலகையையும் அவள் கோழி கழுத்தில் மாட்டியிருக்கிறாள். மாட்டிய அன்றே கோழி விட்ட இடத்துக்கு இன்னொரு கோழி எங்கோ முளைத்திருக்கும், குகைக்குள்ளோ, ஆற்றோரத்திலோ. அத்தனை பெரிய நிலத்தில் அதை எங்கே போய்த் தேடுவது?

"எதுக்குடி பேரு வச்ச?"

"தனியா கெடந்துச்சி மைனி. கூப்புட ஒரு பேரு வேணாமா?"

அவளை அடித்திருப்பேன். ஆனால் அடிக்கத் திரும்ப வேண்டுமே. நான் அவரைப் பார்த்துக்கொண்டும், அவள் தேவாங்கைப் பார்த்துக்கொண்டும், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடிதான் பேசினோம்.

"கண்ண மூடு ஜெசிந்தா. ஒரு நிமிசம் மூடு. அது போயிரும், அண்ணன் வந்துரும்."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்துகொண்டே அழுதாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கும் வீட்டுக்குள் இடமில்லை என்பதால் ஜன்னல் வழியாகவே தேவாங்கைப் பார்த்தார்கள். நன்றாக நீலமாக இருக்கிறது என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அத்தனை பேர் வாசலில் நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் நான் அந்த நேரத்தில் கண்ணை மூடி மூடித் திறந்தேன். அப்படி ஒரு சுகம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. நாள் குறித்துவிட்டு அவர்கள் போனார்கள்.

"பலகை போனா என்ன, வீட்டுல இருக்க பேர ஒண்ண எடுத்துத் தேவாங்குக்கு வைங்க," என்றார் அவர் படியிலிருந்து. "என் பேரையே வைங்க. வெளிய நிக்கவனுக்கு எதுக்குப் பேரு?"

"என் பேர வைக்கட்டும்," என்றேன்.

"ஒனக்கு சமையலு, சோலின்னு நூறு இருக்கு. கூப்புட வேணாமா?"

ஜெசிந்தா எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். தனிஸ்லாஸ் என்று தேவாங்கின் தலைக்கு மேல் பெயர் வந்தது. தேவாங்கு கணக்கிலிருந்து நீங்கியது. அவர் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அன்றிலிருந்து அவருக்குப் பெயரில்லை. பெயரில்லாததால் வீட்டுக்குள் இருந்தாலும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நானும் ஜெசிந்தாவும் முறைவைத்துப் பார்த்தோம். அவள் பார்க்கும்போது நான் சமைத்தேன், நான் பார்க்கும்போது அவள் குளித்தாள். மறுநாள் காலை ஐஸ் கம்பெனி வேன் வந்து, "தனிஸ்லாஸ்!" என்று கூப்பிட்டது. தேவாங்கு திரையிலிருந்து இறங்கி, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போனது. சட்டை பெரிதாக இருந்ததால் கையை மடித்து விட்டேன். வேலைக்கு ஆள் வந்துவிட்டதால் கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜெசிந்தா கல்யாணமாகி மணப்பாட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு நான் ஒருத்திதான். அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இமை தானாக இறங்கும்போதெல்லாம் விரலால் தூக்கிப் பிடித்தேன். "ஒறங்கு, நான் எங்கயும் போவல," என்றார். போவது அவர் கையில் இல்லையே. அவர் கன்னத்து மச்சம், காதோர நரை, ஐஸ் வெட்டிய பழைய தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

மதியம் தேவாங்கு வேலை முடிந்து வந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தட்டு மாதிரி விரிந்த கண்களால் அவரைப் பார்க்கத் தொடங்கியது. வெகுநேரம் கவனித்தேன். அது ஒருமுறைகூட இமைக்கவில்லை.

"நீ போய்ப் படு," என்றார் அவர். "அதான் பாக்குதே."

நான் பாயை விரித்துப் படுத்தேன்.

எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தேவாங்கு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. நான் தூங்குவதை அது இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை.

எழுந்து முகம் கழுவினேன். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன்.

"என்னங்க," என்று அதைக் கேட்டேன், "காப்பிக்குச் சீனி போடவா?"