எடைமேடை நின்ற பகல்

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு தனியார் சர்க்கரை ஆலை. அதன் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் அபிநயா. கரும்பு டிராக்டர் எடைமேடையில் ஏறி இறங்குவதற்குள் அதன் பதிவு பலமுறை திருத்தப்படும். ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய வரி செத்து, டேபிள் எனும் பதிவு அட்டவணைக்குள்ளேயே கிடக்கும். தானாக ஓடும் ஒரு துப்புரவு புரோகிராம் அந்தக் குப்பையை அவ்வப்போது அகற்றும். அரவை சீசனில் அதனால் கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று மேலாளர் அதை நிறுத்த வைத்தார். அபிநயா வேண்டாமென்றது எடுபடவில்லை.

பொங்கல் முடிந்ததும் டேபிள் ஊதிப்போய், ஒரு எடைச்சீட்டு வருவதற்கே வெகுநேரமானது. டிராக்டர்கள் அணை ரோடு வரை நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தது.

"எடையை மொத்தமா நிறுத்திட்டு சுத்தம் பண்ணாத்தான் சார் சரியாவும்," என்றாள். மேலாளர் சரியென்று தலையாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காரில் போய்விட்டார்.

அபிநயா எடையை நிறுத்தித் துப்புரவைத் தொடங்கினாள். எடைத் திரை அணைந்ததும், வடக்கனந்தல் விவசாயி சின்னதுரை வெட்டுக்கத்தியோடு எடைக்கூண்டுக்குள் புகுந்தார்.

"இன்னாடா, ஆஃப் பண்ணிட்டு வேடிக்கை பாக்குறியா? என் கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது!"

"அண்ணே, உள்ள சரி பண்ணிக்கினு இருக்காங்க..." ஆப்பரேட்டர் தீனதயாளன் முடிப்பதற்குள் கத்திப்பிடி அவன் கண்ணில் இறங்கியது. விழுந்தவனைப் பின்னால் வந்த விவசாயிகள் கூட்டம் மிதித்தது.

அலறல் கேட்டு அபிநயா வெளியே வந்து, சர்வர் அறைக் கதவைப் பூட்டினாள். "அவரை வுடுங்க! நிறுத்தினது நான்தான்!"

பறந்து வந்த கல் அவள் நெற்றியைக் கிழித்தது. சின்னதுரை கத்தியை ஓங்கினார். "தொற! அந்தக் கம்ப்யூட்டரை ஒடைச்சிட்டுப் போறேன்!"

"இப்ப ஒடைச்சா இந்த சீசன்ல போட்ட எடை மொத்தமும் பூடும். உங்களுதும்தான்."

அவள் கதவை விட்டு நகரவில்லை. சின்னதுரையின் கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் லத்தியால் வெளுத்தார்கள். சின்னதுரையின் மண்டை பிளந்தது.

அந்தக் களேபரத்தில் துப்புரவு முடிந்து, எடைத் திரை மறுபடி ஒளிர்ந்தது. ரத்தம் காயாத மேடையில் முதல் டிராக்டர் ஏறியது.

தீனதயாளனின் இடது கண் போய்விட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே இருந்த அபிநயாவுக்கு மேலாளர் போன் செய்தார்.

"போலீஸ்ல தானா ரிப்பேர் ஆச்சுன்னு சொல்லிடும்மா. நாளைக்கு அந்தத் துப்புரவை மறுபடி ஆஃப் பண்ணிடு."

"பண்ண மாட்டேன் சார்."

வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரிடம், துப்புரவை முதலில் நிறுத்தச் சொன்னது யார் என்று பெயரோடு சொன்னாள்.