கொப்பளிப்பானுக்கு எத்தனை நாள் லீவு

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. தொண்ணூற்றிரண்டில் மானிப்பாயில் பத்மாவதி ரீச்சர் வீட்டுக்கு வேலி அடைக்கப் போன இடத்தில், பாதி கட்டின ஓலைக்கிடுகுக்கூடாகக் கண்டது. ஒளித்துப் பார்த்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் எழுதின தொடக்கம்: "மக்டலீன் கண்ணீரும் கம்பலையுமாகப் படலையைத் திறந்து..."

(வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. நாற்பதுக்குப் பிறகு வாசிக்கப் பழகின எனக்குக் கிடைத்த கதைகளில் ஏழைப் பெண்கள் அழுதுகொண்டேதான் வந்தார்கள். அந்தப் பழக்கம்.)

2

மக்டலீன் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வந்து ரீச்சரின் மகளை மூன்று வருடமாகப் பார்க்கிறவள். பிள்ளைக்குக் கொப்பளிப்பான் போட்டது, அம்மை வருத்தம். ரீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை நேரம். மக்டலீன்தான் வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தாள். பிள்ளை எழும்பி விளையாட, இவள் படுத்தாள். தலைக்குத் தண்ணீர் வார்த்துப் பதினைந்தாம் நாள் திரும்பி வந்தால், முற்றத்தில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு வேறொருத்தி. பெயர் சின்னாச்சி.

3

"நீ வராட்டி நான் என்ன செய்யிறது, மக்டலீன்? வேற ஆள் எடுத்திட்டன்," என்றா ரீச்சர்.

"உந்த வருத்தம் உங்கடை பிள்ளையிட்டை வாங்கினது, ரீச்சர். போன வருசம் நீங்கள் காய்ச்சலிலை கிடந்தனீங்கள். பள்ளிக்கூடம் உங்கடை இடத்துக்கு வேற ரீச்சரை எடுத்ததே?"

"அது கவுண்மேந்து வேலை. லீவு இருக்கு."

"இதுவும் வேலைதான். எனக்கு இரக்கம் வேண்டாம். லீவைத் தாங்கோ, என்ரை இடத்தையும் தாங்கோ."

[இந்த இடத்தில் ரீச்சரைப் பொல்லாதவளாக்க எனக்கு ஆசை. ஆனால் அவவும் ஐந்து மணிக்கு எழும்பி ஓடுகிற மனுசி. பிள்ளை பார்ப்பதும் ஒரு வேலை என்று அதுவரை அவவுக்கு ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.]

சின்னாச்சி சோற்றுக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரீச்சர், இவவின்ரை இடத்தை இவவுக்குக் குடுங்கோ. டொக்டர் வீட்டிலையும் என்னைப் பிள்ளை பாக்கக் கேட்டவை. ஆனால் எனக்கு இன்னும் கொப்பளிப்பான் வரேல்லை, அங்கை வந்து படுத்தால் எனக்கும் லீவு வேணும். எத்தினை நாள் லீவெண்டு இஞ்சை எழுதினியள் எண்டால், நான் அங்கை கொண்டுபோய்க் காட்டலாம்."

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"நமசிவாயம் அண்ணை, வேலியை அடையுங்கோ. வாயை ஏன் திறந்து வைச்சிருக்கிறியள்?" என்றாள் மக்டலீன்.

ரீச்சரும் சிரித்தா. (இல்லை. உதடு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.) உள்ளே போய்க் கொப்பித் தாளும் பேனையும் எடுத்துவந்து திண்ணைக் குந்தில் இருந்தா.

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் ரீச்சர், "பதினாலு நாள், சம்பளத்தோடு" என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறா. மற்றதில் பேனையை மூடிவிட்டு...

அந்த வசனத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தநாள் விடிய நான் மிச்ச வேலிக்குப் போனபோது மக்டலீன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காகம் காட்டினாள். அதுமட்டும் சொல்லலாம். தாளில் எத்தனை நாள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டுக்கும் பிள்ளை பார்க்க ஒருத்தி வரக்கூடும். நீங்களே எழுதுங்கள்.

அவவைக் கேட்டு எழுதுங்கள்.