முன்தொட்டி, பின்தொட்டி

1

போன வாரம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டேன். அதிலிருந்து பிறந்தது இந்தக் கதை.

முதல் வரி இப்படி இருந்தது: ‘அன்று காலை பனி பெய்துகொண்டிருந்தது.’ பெய்யவில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான், எதை எழுத உட்கார்ந்தாலும் பனி பெய்துவிடுகிறது. அக்காவின் ஆய்வகத்தில் குழல்விளக்குகள் எரிந்தன, அவ்வளவுதான்.

2

அக்கா ஆர்.என்.ஏ. கலந்த நீரை இலைமேல் தெளிக்கிறாள். இலையின் பச்சையைக் காக்கும் ஒரு மரபணுவை அது பேசவிடாமல் செய்தால், தெளித்த இடம் சில நாளில் வெளுக்கும்.

(‘மரபணுவை அழிக்கிறாள்’ என்று எழுதியிருந்தேன். இந்தப் பத்தியை மட்டும் அவளிடம் காட்டினேன்.

“அழிக்கல, எழுத்தாளரே. மூலப் புத்தகம் அலமாரில அப்படியே இருக்கு. அதைப் பாத்து எழுதின நகல் வெளிய வரும்ல, அதைத்தான் கிழிச்சுப் போடுறேன். தெளிக்கறத நிறுத்தினா புது இலை பச்சையாத்தான் வரும்.”

எழுத்தாளரே என்று அவள் கூப்பிட்டதில் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதனால்தான் இங்கே கைவிட்ட வரிகளைக்கூட மறைக்காமல் விட்டிருக்கிறேன்.)

3

கதைக்கு வில்லனாக அக்காவின் மேலதிகாரியை நினைத்திருந்தேன். மனிதர் ரொம்ப நல்லவர். இந்த முறையும் வெளுக்காவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம். ஆள் கிடைக்காமல் வில்லன் வேலையை நானே பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரு தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு தொட்டிகள். தட்டின் முன்விளிம்பில் ‘தண்ணீர்’ என்றும் பின்விளிம்பில் ‘ஆர்.என்.ஏ.’ என்றும் எழுதியிருந்தது. தொட்டிகளில் எதுவும் எழுதவில்லை. தெளித்துவிட்டு அக்கா கை கழுவப் போனாள். பின்னால் இருந்த செடி பார்க்க எடுப்பாக இருந்தது. படம் எடுக்க அதை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தேன். எடுத்ததும் பழையபடி மாற்றி

இல்லை. மாற்றவில்லை. மறந்துவிட்டேன்.

4

ஆறாம் நாள் ஓர் இலை வெளுத்தது. நகத்தளவு, பால் வெள்ளை. முன்தொட்டியில்!

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள். “வெறும் தண்ணி பட்ட இலையே வெளுக்குதுன்னா, ரெண்டு வருஷமா நான் என்னத்தப் பாத்தேன்?”

வாசகரே, அது தண்ணீர்ச் செடி இல்லை. வேலை செய்திருக்கிறது! உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளோ ஆராய்ச்சியைக் கைவிடுவதாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

5

முடிவு ஒன்று: நான் வாயே திறக்கவில்லை. (எழுதும்போதே கூசுகிறது. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவளே கண்டுபிடித்துவிடுகிறாள். (நாவலில் நடக்கும்.)

முடிவு மூன்று: நான் சொல்கிறேன். அவள் இனி என்னை ஆய்வகத்து வாசற்படி ஏறவிட மாட்டாள். ஆனால் மறுபடி தெளிப்பாள். இருபது தொட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி.

மூன்றாவதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு நேரம் வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான் அக்கா. ஒரே ஒரு செடியை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பாய், தெரியும். இருந்தாலும் அந்தக் கடிதத்தை அனுப்பாதே. முடிவை நீ எழுதிக்கொள். நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். திட்டுவதென்றால் கொஞ்சம் சத்தமாகத் திட்டு. நீ தெளித்தது பலித்த சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.